செம்பு வலையில் ஒன்பது அடைப்புகள்

அஜீஸுன்னிசா அடைத்த ஓட்டையைத் தொட்டுக் காட்டக்கூடியவர்கள் திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சலில் யாரும் இல்லை. முப்பத்தொரு வருடமாக அவருடைய வேலை துணி பார்ப்பது. நிட்டிங் மெஷினிலிருந்து இறங்குகிற துணியை விளக்கு மேசையின் மேல் இழுத்து, கீழிருந்து வரும் வெளிச்சத்தில் ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை எல்லாவற்றையும் கண்ணால் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்துக்கு நேராகத் துணியின் ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கட்டிங்காரர்கள் அதைப் பார்த்து அந்த இடத்தை ஒதுக்கி வெட்டுவார்கள்.

ஆனால் ஸ்டிக்கர் அதிகமான ரோலை, துணி வாங்குகிற பையர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கைத்தேர்ச்சி உள்ள செக்கிங் பெண்கள் சின்ன ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அதே துணியின் வெட்டுமுனையிலிருந்து ஒரு நூலை உருவி, மெஷினின் பழைய ஊசி ஒன்றைக் கொக்கியாக வைத்துக்கொண்டு, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி ஓட்டையை மூடிவிடுவார்கள். சாயம் ஏறி வந்தபிறகு அடைத்தவரே வந்தாலும் இடம் தெரியாது. அஜீஸுன்னிசாவின் ரோல்களில் ஸ்டிக்கர் அநேகமாக இருக்காது. அவருக்கு இருந்த பெயர் அந்த ஒன்றுதான்.

பன்னிரண்டு வயதில் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கைமடியாகச் சேர்ந்தார். தைத்த பனியனை இழுத்து அடுக்குவது, பிசிறு வெட்டுவது. கல்யாணத்துக்குப் பிறகு செக்கிங்குக்கு வந்தார். கணவர் கைருதீன் யூனிட்டுகளுக்கு நடுவே துணி ரோல் ஏற்றிப் போகும் டெம்போ ஓட்டினார். ஆறு வருடம் முன்பு ரோல் இறக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடக்கிற அளவுக்குத்தான் கால் ஒத்துழைக்கிறது. மகள் ஆஃப்ரினைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீடு ஓடுவது அஜீஸுன்னிசாவின் வேலையில்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. இடது கண்ணுக்குப் புரை எடுத்தாயிற்று. வலது கண்ணை டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். முன்பு இருந்த யூனிட்டில் துணி பார்க்கக் கேமரா வைத்து, அவரையும் சேர்த்து நான்கு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கு முன்பு இருந்த யூனிட் மூடிவிட்டது. மூன்றாவதுதான் ஞானசம்பந்தத்தின் யூனிட். இதை விட்டால் இந்த வயதில் இந்தக் கண்ணோடு யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், கைருதீனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஞானசம்பந்தத்திடம் ஆறு மெஷின்கள் இருந்தன. ஆர்டர் குறைந்ததில் இரண்டுதான் ஓடின. அப்போது வந்ததுதான் கம்பி வேலை. பெங்களூருப் பக்கம் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் செய்கிற ஒரு கம்பெனி, செம்புக் கம்பியை நூலைப் போலப் பின்னி வலையாகத் தர முடியுமா என்று கேட்டது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பருமனான கம்பி. மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் லிங்கசாமி, ஓரத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய பெரிய கண்ணி மெஷினைக் கழற்றி இரண்டு மாதம் போராடினார். கம்பி நூலைப் போல இழுவைக்கு நீளாது. இழுத்தால் அறும், தளர்த்தினால் சுருளும். கடைசியில் ஒரு நாளைக்குப் பத்து மீட்டர் என்ற வேகத்தில் மெஷின் பின்ன ஆரம்பித்தது. பார்க்க வெங்காயத் தோலைப் போன்ற நிறத்தில், பிடித்தால் கையில் நிற்காமல் வழிகிற ஒரு வலை.

அதற்கு விதிகள் இருந்தன. வெறுங்கையால் தொடக் கூடாது, வியர்வை பட்ட இடம் மூன்று நாளில் கறுத்துவிடும் என்று வெள்ளைக் கையுறை கொடுத்திருந்தார்கள். வெட்டுத்துண்டு, அறுந்த கம்பி எதையும் கீழே போடாமல் கவரில் போட்டு அன்றன்றைக்கு ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அச்சடித்த தாள் ஒன்றும் சுவரில் ஒட்டியிருந்தது. அதை யாரும் அஜீஸுன்னிசாவுக்குப் படித்துச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. லிங்கசாமி சொன்னது ஒரே வார்த்தை. ஓட்டை இருக்கக் கூடாது.

ஓட்டை வந்தது. கம்பி அறுகிற இடத்தில் நான்கைந்து கண்ணி விட்டுப்போகும். அஜீஸுன்னிசா எப்போதும்போல ஊசியை எடுத்தார். ஆனால் வெட்டுமுனையிலிருந்து உருவிய கம்பி ஒருமுறை வளைந்த இடத்திலெல்லாம் விறைத்துப்போய், இரண்டு கண்ணி ஏற்றுவதற்குள் பொட்டென்று முறிந்தது. கம்பெனி அனுப்பிய புதுக் கம்பி ஸ்பூல் எல்லாம் மெஷினில் ஏறியிருந்தது. அதில் வெட்டினால் மெஷினை நிறுத்தி மறுபடி கோக்க வேண்டும், அரை நாள் போய்விடும். லிங்கசாமியின் டூல் டிராயரில் ஒரு சின்னக் கண்டு செம்புக் கம்பி கிடந்தது. மெஷின் மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் எரிந்துபோனால் மறுபடி சுற்றுவதற்காக அவர் வாங்கி வைத்தது. பருமன் ஒன்றாகவே இருந்தது. அஜீஸுன்னிசா அதில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். சாயத் துணியை மாதிரித் துணியோடு வைத்து நிறம் பார்ப்பது போல, வலையின் மேல் கம்பியை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நிறம் பொருந்தியது. திருப்பூரில் ஒரு நூலைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது.

மூன்று வாரத்தில் நூற்றெண்பது மீட்டர் ரோல் ஒன்று முடிந்தது. ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. ஞானசம்பந்தம் ரோலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அஜீஸம்மா கைபட்டதுங்களா, அப்புறம் என்ன என்று சொன்னார். அது வியாழக்கிழமை காலை. அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

வந்தவர் சித்ராதேவி. முப்பது வயதிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், விமானக் கம்பெனியில் தரம் பார்க்கிற இன்ஜினியர். மாலையே ரோலை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற ஏற்பாட்டில் வந்திருந்தார். வேலை செய்தவர்களுக்கு இது எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பது அவருடைய பழக்கம் போலிருக்கிறது. பையிலிருந்து இரண்டு கறுப்புப் பலகைகளை எடுத்து விளக்கு மேசைமேல் வைத்தார்.

இரண்டும் கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து அடுக்கி இறுக்கிய பலகைகள். விமானத்தின் இறக்கை இதுதான் என்றார். இரும்பைவிட உறுதி, அலுமினியத்தைவிட எடை குறைவு. ஆனால் மின்னல் விழுந்தால் பிரச்சினை. பழைய அலுமினிய விமானத்தில் விழுந்த மின்னல் உலோகத் தோல்மேலேயே ஓடி இன்னொரு முனை வழியாகக் காற்றில் போய்விடும். கார்பன் அந்த வேகத்துக்கு மின்சாரத்தை ஓடவிடாது. அங்கேயே சூடேறி, பிசின் ஆவியாகி, உள்ளிருந்து வெடிக்கும். பரிசோதனைக் கூடத்தில் செயற்கை மின்னல் பாய்ச்சிய முதல் பலகையில் கைமுட்டி நுழைகிற ஓட்டை இருந்தது. ஓரமெல்லாம் தேய்ந்த துடைப்பத்தைப் போல இழை பிரிந்து நின்றது. இரண்டாவது பலகையின் மேல்தோலில் செம்பு வலை பதித்திருந்தது. அதில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் கருகி, வலை கொஞ்சம் உருகியிருந்தது. அடியில் இருந்த கார்பன் அப்படியே இருந்தது.

அலுமினிய வலை இன்னும் லேசாச்சேங்க மேடம் என்று லிங்கசாமி கேட்டார். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும், பெயின்டுக்கு அடியில் நடப்பதால் வெளியே தெரியாது, இடையில் கண்ணாடி இழை வைத்துப் பிரிக்க வேண்டும், செம்பு என்றால் கார்பனோடு ஒத்துப்போகும் என்றார் சித்ராதேவி. பிறகு மின்சாரம் ஓடுமா என்று சோதிக்கிற ஒரு மீட்டர் கருவியை எடுத்தார். அதன் இரண்டு முனைகளை வலையில் எங்கே வைத்தாலும் பீப் என்று சத்தம் வந்தது. மின்னல் எந்த இடத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எந்த இடத்தில் தொட்டாலும் இந்தச் சத்தம் வரவேண்டும் என்றார். பெண்கள் ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அஜீஸுன்னிசாவும் தொட்டார். சத்தம் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போன பிறகு அஜீஸுன்னிசா ஸ்டோர் மூலையில் மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதார். எழுந்து வந்தபோது மீட்டர் மேசைமேலேயே இருந்தது. மனதில் ஏதோ உறுத்தியது. என்னவென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. லிங்கசாமியின் டிராயரைத் திறந்து காயில் கம்பியில் கொஞ்சம் இழுத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் மேல் வைத்தார். சத்தம் இல்லை. அழுத்தி வைத்தார். இடம் மாற்றி வைத்தார். வலைமேல் வைத்துப் பார்த்தார், பீப் என்றது. மறுபடி கம்பியில் வைத்தார். இல்லை.

பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்த லிங்கசாமி, அஜீஸுன்னிசாவின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“அது வார்னிஷ் கம்பிங்க்கா. மேல பூச்சு இருக்கும். பூச்சு இல்லீன்னா காயில் சுத்துன ஒடனே ஒண்ணோட ஒண்ணு பட்டு எரிஞ்சு போயிருமல்லங்க. அதெதுக்கு எடுத்தீங்க?”

“இதுலதான் அடச்சிருக்கறனுங்க தம்பி.”

லிங்கசாமி டிராயரை இழுத்து மூடினார். பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். எத்தனை இடம் என்று கேட்டார். எண்ணவில்லை என்றார் அஜீஸுன்னிசா. அடைக்கிற ஓட்டையை யாரும் எண்ணுவதில்லை. எட்டோ ஒன்பதோ இருக்கும், பத்தும் இருக்கலாம். நூற்றெண்பது மீட்டரில் விரல் நுனி அளவில் பத்து இடம், மின்னல் அங்கே பார்த்துத்தான் வந்து விழப்போகிறதா என்றார் லிங்கசாமி. மாலை ரோல் போய்விட்டால் அடுத்த ஆர்டர் உறுதி, இந்த வேலை கையைவிட்டுப் போனால் ஓனர் யாரை முதலில் நிறுத்துவார் என்று அக்காவுக்குத் தெரியாதா என்றும் கேட்டார். அதில் மிரட்டல் இல்லை. அவர் வேலையும் அதில் இருந்தது. கம்பி அவருடைய டிராயரில் இருந்து வந்தது.

அஜீஸுன்னிசா கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே வேலை பார்த்த உடம்பு. யாராவது வந்து இதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இதுவரை அவர் மூடிய ஓட்டைகள் எல்லாம் யாரோ ஒருவருடைய முதுகிலோ வயிற்றிலோ போய் முடிந்தன. நான்கு சலவைக்குப் பிறகு பிரிந்தாலும் ஒன்றும் ஆகாது. ஓட்டை விழுந்த அந்தக் கறுப்புப் பலகை மேசைமேல் இன்னும் இருந்தது. விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளைகள் உட்காருகிற விமானம் என்று அந்தப் பெண் போகிற போக்கில் சொல்லியிருந்தார்.

அவர் எழுந்து ஆபீஸுக்குப் போனார். முதலில் முதலாளியிடம் சொல்வதுதான் முறை.

ஞானசம்பந்தம் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“ஏனுங்கம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லங்க.”

“ஓட்டய அடைக்கறதுக்கு எப்பவும் கேட்டதில்லீங்களே.”

ஞானசம்பந்தம் சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்து வரச்சொல்லிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். அவரும் அப்போதுதான் முழுதாகப் படிக்கிறார் என்று அஜீஸுன்னிசாவுக்குத் தெரிந்தது. ஓட்டை வந்தால் இடத்தைக் குறிக்க வேண்டும், எந்தக் காரணத்துக்கும் வேறு பொருளைச் சேர்க்கக் கூடாது என்று அதில் இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு அவர் சித்ராதேவியைக் கூப்பிட்டார்.

சித்ராதேவி கோபப்படவில்லை. அது அஜீஸுன்னிசாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில் மின்னல் விழுந்தால் பூச்சு பூசிய கம்பிக்கும் வெறும் கம்பிக்கும் நடுவே பொறி தாண்டும், அந்தச் சூடு அடியில் இருக்கிற கார்பனுக்குப் போகும், எவ்வளவு கெடும் என்று பரிசோதனை செய்யாமல் தன்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். ஓர் இறக்கைக்கு ஆறு மீட்டர் துண்டு போதும். அடைத்த இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டினால் அவற்றை ஒதுக்கி நடுவில் இருக்கிற நல்ல துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். பயணத்தைத் தள்ளிப்போட்டுச் சனிக்கிழமை வரை இருப்பதாகவும் சொன்னார்.

அன்று மத்தியானத்திலிருந்து அஜீஸுன்னிசா தன் வேலையைத் தானே தேட ஆரம்பித்தார். விளக்கு மேசைக்கு ரோலைப் பிரித்துக் கொடுக்க லிங்கசாமி நின்றார். மீட்டரை வைத்துத் தேடவே முடியாது. கோடிக்கணக்கான கண்ணிகள். முதல் முப்பது மீட்டரில் அவருக்கு ஒன்றும் தென்படவில்லை. தான் எந்த இடத்தில் கண்ணியை முடிப்பார், முனையை எந்தப் பக்கம் மடித்து உள்ளே விடுவார் என்று தெரிந்தும் தென்படவில்லை. தன் கையின் மேல் அவருக்கு அன்றுதான் முதல்முறையாக எரிச்சல் வந்தது.

ஒருநிலையில் மேசை விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் வலையைச் சாய்த்துப் பார்த்தார். ஓர் இடத்தில், மிளகு அளவுக்கு, ஒரு பளபளப்பு. மூன்று வாரத்தில் வெறும் செம்பு காற்றுப்பட்டுக் கொஞ்சம் மங்கியிருந்தது. பூச்சு பூசிய கம்பி மங்கவில்லை. நிறம் பொருந்தாமல் போயிருந்தது. லிங்கசாமி மீட்டரை வைத்தார். சத்தம் வரவில்லை. அஜீஸுன்னிசா அந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்.

அப்படியே தேடினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மெஷின் சத்தம் நின்றபோதும் தேடினார்கள். புரை எடுக்காத கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளில் ஏழு இடம் கிடைத்தது. ஏழும் ரோலின் உள்பக்கம், முதல் இரண்டு வாரத்தில் பின்னிய பகுதியில். கடைசி வாரத்தில் பின்னிய பகுதி இன்னும் மங்கவில்லை. அங்கே வலையும் பளபளத்தது, அடைப்பும் பளபளத்தது. சனிக்கிழமை காலை அந்தப் பகுதியில் கையுறை போட்ட விரலால் தடவித் தடவி இரண்டு இடத்தைப் பிடித்தார். ஒன்பது. மறுபடி ஒருமுறை ஆரம்பத்திலிருந்து தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

சித்ராதேவி ஒரு படிவத்தோடு வந்து நின்றார். ஞானசம்பந்தமும் ஆபீஸிலிருந்து வந்தார். ஓரத்தில் ஒன்பது ஸ்டிக்கர்கள். அவற்றுக்கு நடுவே எத்தனை ஆறு மீட்டர் தேறும் என்று சித்ராதேவி அளந்து பார்த்தார். பாதிக்கு மேல் தேறும் என்றார். ஞானசம்பந்தத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“இவ்வளவுதானுங்களாம்மா? வேற எங்கயும் இல்லைன்னு நீங்க சொன்னா நான் எழுதிக்கிறேனுங்க” என்றார் சித்ராதேவி.

அஜீஸுன்னிசாவுக்குப் பின்னால் நின்ற லிங்கசாமி, ஆமான்னு சொல்லுங்க்கா என்று வாய்க்குள் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒன்பதாகவே இருக்கலாம். ஒன்பதுதான் என்று நினைத்தால் நம்பவும் முடிந்தது. ஆனால் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை, கம்பி திரும்பத் திரும்ப அறுந்த அன்று, மேசைமுன் தான் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று ஒன்று அடைத்தாரா, இரண்டா என்பது நினைவுக்கு வரவில்லை.

“தெரியலீங்க மேடம். உள்பக்கம் சொல்லலாமுங்க, கண்ணுக்குத் தெரிஞ்சுது. கடேசி வாரத்துப் பக்கம் சொல்ல முடியாதுங்க.”

“உள்பக்கம் மட்டும் உறுதியா சொல்லுவீங்களா?”

“நான் சொல்லுவனுங்க. ஆனா நான் சொல்றதுதானுங்க. வேற எதுவும் இல்லீங்க அதுக்கு.”

சித்ராதேவி பேனாவை மூடினார். உள்பக்கத்துக்கும் அந்த வார்த்தை ஒன்றுதான் ஆதாரம், அடைப்புகளை ஓர் அம்மா தேடிப் பார்த்து இவ்வளவுதான் என்று சொன்னார் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் அஜீஸுன்னிசாவைப் பார்க்கவில்லை. ரோல் முழுவதும் உருக்குவதற்குப் போகும். அடுத்த ஸ்பூல்கள் எப்போது வரும், வருமா என்பதைக் கம்பெனி சொல்லும். கிளம்பும்போது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு வரேனுங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஒரு மாதம் ஆகியும் ஸ்பூல் வரவில்லை. லிங்கசாமி கம்பி மெஷினுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினார். ஞானசம்பந்தம் யாரையும் திட்டவில்லை, யாரையும் நிறுத்தவும் இல்லை. பருத்தித் துணி இருக்கிற அளவுக்கு வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று அஜீஸுன்னிசாவிடம் சொன்னார். வேறு எங்காவது கிடைத்தாலும் பார்த்துக்கொள்ளுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

முதல் வேலையில்லாத நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது. சமைத்தார், பாத்திரம் கழுவினார். தெருவில் யூனிட்டுகளுக்குப் போகிற பைக்குகள் எல்லாம் போய் ஓய்ந்தன. கைருதீன் கட்டிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

“ஆமான்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தா இன்னிக்கு வேலைக்குப் போயிருப்பனுங்க.”

கைருதீன் மறுபடி காலை நீவினார். பக்கத்துத் தெரு யூனிட்டில் செக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று சிறிது நேரம் கழித்துச் சொன்னார். அங்கே கேமரா வைத்துவிட்டார்கள் என்றார் அஜீஸுன்னிசா. நாளைக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். பிறகு பாயை விரித்து, முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு படுத்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. தெருக்கோடியில் ஏதோ ஒரு யூனிட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் அவர் தூங்கிவிட்டார்.